அறைக்குள் போகாதவர்

எந்த அதிகாரியின் அறைக்குள்ளும் எங்கள் சங்கத் தலைவர் போக மாட்டார். பேச வரச் சொல்லி ஆள் விட்டால் வருவார். வந்து மின்வாரிய ஆபீஸ் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். பின்னால் நாங்கள் நிற்போம். பியூன் வந்து கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, சார் உள்ள இருக்காவ. உங்கள வரச் சொல்லுதாவ."

"நாங்க இங்கன நிக்கோம். அவியள வரச் சொல்லுங்க."

"வெயிலால்லா இருக்கு."

"எங்களுக்கும் அதே வெயிலுதான்."

பியூன் உள்ளே போவார், வருவார், மறுபடியும் போவார். கடைசியில் இஞ்சினியரே ஒரு பைலைத் தலைக்கு மேல் பிடித்தபடி வெளியே வருவார். "என்னய்யா, உள்ள மின்விசிறி ஓடுது, உட்கார்ந்து பேசலாம்ல?" என்பார். இவர் சிரிப்பார். "உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது சார். நின்னே பேசுவோம்."

அவருக்குக் குரல் சின்னது. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் வாயைத் திறந்தால் முற்றத்தில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் காதில் விழாது. யார் எதைப் பேசினாலும் எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பதுதான் எங்கள் சங்கத்துக்கு அவர் வைத்த ஒரே சட்டம்.

நாங்கள் மின்சாரக் கம்பி வேலை செய்கிற ஒப்பந்தக் கூலிகள். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, ஏறிக் கம்பி இழுப்பது எல்லாம் நாங்கள்தான். கரிசலில் நட்ட கம்பம் நட்டபடி நிற்காது. மழைக்கு மண் ஊதிக் கம்பத்தைத் தூக்கும். கோடையில் மண் வெடிக்கும்போது கம்பம் சாய்ந்துவிடும். கயத்தாறிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் நிமிர்த்தின கம்பத்தையே திரும்பத் திரும்ப நிமிர்த்தியிருக்கிறோம். வேலை ஓய்ந்ததே இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்தவர்கள் நாங்கள் என்று எங்கேயும் எழுத்தில் கிடையாது. கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், நாங்கள் அப்படியே இருப்போம். புதிதாக வருகிற கான்ட்ராக்டருக்கு எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்று நாங்கள்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. சங்கக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் எழுந்து ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்பார். என் முறை வந்ததும், "அவிய சொன்னதுதான் எனக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். எனக்கு முன்னால் பேசினது யார் என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஒருநாள் எனக்கு முன்னால் எழுந்த பேச்சிமுத்து மாமா, தனக்கு மூலம் படுத்துகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். நான் எழுந்து, "அவிய சொன்னதுதான் எனக்கும்" என்றேன். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் மட்டும் சிரிக்காமல், "ஏலே, பேசத் தெரியாட்டியும் பரவால்ல. காதத் தெறந்து வச்சுக்கோ. நமக்குச் சாட்சிதான் வேணும்" என்றார்.

அறைக்குள் போகாததற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு முன்னால் இங்கே ஒரு சங்கம் இருந்திருக்கிறது. அதன் தலைவர் நல்லாப் பேசுவாராம். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திப் பேசி, வெளியே வந்தபோது உதட்டில் ஆரஞ்சுக் கலர் குடித்த சாயம் இருந்ததாம். "நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வாங்க, பேசி முடிச்சாச்சு" என்றாராம். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தீபாவளிக்கு அந்த மனுஷன் கான்ட்ராக்டரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்களில் இவரும் ஒருவர்.

"அந்தாளு வித்துட்டாருன்னும் நான் சொல்லல, விக்கலன்னும் சொல்லல" என்பார். "எனக்குத் தெரியாது. அது தெரியாமப் போச்சில்லா, அதுதான் தப்பு."

அப்புறம் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பேங்க்குக்குப் போனாலும் வாசலில் நின்றுதான் விவரம் கேட்பார். கல்யாண வீட்டில் பந்தலிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வீட்டுக்காரம்மா வாய்த்துடுக்கானவர். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் வாசல்லயே நின்னாரு. எங்கப்பா பயந்துட்டாரு, பொண்ணப் பிடிக்கலன்னு. நாந்தான் வெளிய போய் நின்னேன்" என்று எங்களிடம் சொல்வார். இவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாலு பேரு பாக்கப் பேசுனதுனாலதான இத்தன வருசம் கல்யாணம் நிக்கி" என்பார்.

எங்களை நிரந்தரமாக்கச் சொல்லிச் சங்கத்தின் பேரில் மதுரையில் கேஸ் போட்டிருந்தோம். ஒப்பந்தம் என்பதெல்லாம் சும்மா பேருக்கு, இவர்கள் செய்வது வாரியத்தின் வேலைதான் என்பது எங்கள் கட்சி. வக்கீலைப் பார்க்க அவர் காலையிலேயே பஸ் ஏறிப் போவார். சாயங்காலம் நாங்கள் அதே வேப்பமரத்தடியில் காத்திருப்போம். வந்து, "வாய்தா" என்பார். வானத்தைப் பார்த்துவிட்டு மழை இல்லை என்று சொல்கிறவர் போலத்தான் இருக்கும். கோபமோ வருத்தமோ தெரியாது. வக்கீல் என்ன சொன்னார், எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொன்னார், யார் வரவில்லை என்று ஒன்று விடாமல் சொல்வார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேஸைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான்.

பேச்சிமுத்து மாமா அதைக் கேட்டுவிட்டுச் சொல்வார், "பெர்மனெண்ட் ஆகி ஒரு மாசச் சம்பளம் வாங்கிட்டுச் சாவணும்னு இருக்கேன். எமனும் வாய்தா தருவானா, கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி." எல்லாரும் சிரிப்போம். மாமாவுக்கு அப்போதே கம்பம் ஏற முடியாமல் போய்விட்டது. குழி தோண்டிக்கொண்டிருந்தார். எங்களில் சிலர் அந்தக் கேஸை நம்பியே காற்றாலைக் கம்பெனிகளில் கிடைத்த வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். தம்பிமார் திருப்பூருக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டினார்கள். இவர்கள் கரிசலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு வருகிற அன்றைக்கு வேலையில் இல்லையென்றால் பெயர் விட்டுப்போகும் என்கிற பயம்.

மாரியப்பன் செத்தது ஓர் ஆடி மாதத்தில்.

விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமம். அம்மன் கோவில் கொடை. காற்றுக்குக் கம்பி அறுந்து விழுந்துவிட்டது. கான்ட்ராக்டரின் ஆள் போனில் சொல்ல, நாங்கள் நாலு பேர் போனோம். தப்பி வருகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட எர்த் போடுகிற கம்பி வேனில் இல்லை. கேட்டால், வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, சமாளியுங்கள் என்றார்கள். மாரியப்பன் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஏறினான். நான் கீழே கயிறு பிடித்திருந்தேன். மதியக் கொடைக்கு மேளக்காரர்கள் தயாராகிவிட்டார்கள். மைக்கும் சீரியல் பல்பும் அணைந்து கிடக்க, சாமியாடி வருகிற நேரத்தில் இப்படியா என்று கோவில் ஆட்கள் தவித்துப்போய், வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஜெனரேட்டரைத் தெருக்கம்பியிலேயே கொக்கி போட்டு மாட்டிவிட்டார்கள். அம்மனுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது தவிர அவர்கள் மனதில் எதுவும் இல்லை. அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிப் பெருத்துக்கொண்டு மேலே போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குள் மேளம் தொடங்கின சத்தம் கேட்டது. என் கையிலிருந்த கயிறு தளர்ந்தது.

கான்ட்ராக்டர், தான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டார். அறுந்து கிடந்த கம்பியைத் திருட ஏறியிருக்கிறான் என்று போலீஸில் எழுதிவிட்டார்கள். ஜெனரேட்டர் விஷயத்தில் ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் போய், வேலைக்குத்தான் போனோம் என்று சொன்னோம். "அப்ப நீங்களும் கூடப் போனவங்கதானா? யார் அனுப்புனது? எழுத்துல காட்டு" என்று கேட்டார்கள். எழுத்துக்கு நாங்கள் எங்கே போவது?

மாரியப்பனின் மனைவி செல்வி கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தாள். வழக்கப்படி அவர் அவளையும் எல்லாருக்கும் நடுவில் நின்று பேசச் சொன்னார். அவள் அழவில்லை.

"நஷ்டஈடு கெடைக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. கெடைச்சா கெடைக்கட்டும். எனக்கு அது இல்ல அண்ணாச்சி. இவ பள்ளிக்கூடத்துல கம்பித் திருடன் மவளேன்னு கூப்பிடுதாவளாம். பெட்டி ஒட்டுற எடத்துல என் பக்கத்துல இருக்கவ டப்பாவ நகத்தி வச்சுக்கிடுதா. அவிய வேலைக்குப் போனாவன்னு ஒரு எழுத்து வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதற்கு மனுப் போட்டார். உண்ணாவிரதம் இருந்தோம். கோவில் ஆட்களைப் போய்ப் பார்த்தார். அவர்கள் மோர் கொடுத்தார்கள், வார்த்தை கொடுக்கவில்லை. மாதங்கள் போயின. அப்புறம் ஒருநாள் கான்ட்ராக்டர் இஞ்சினியர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஆள் விட்டார். பழைய பியூனே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்த மாரியப்பன் விசயமாப் பேசணுமாம். ஆனா ஒங்கள மட்டுந்தான் வரச் சொல்லுதாவ. வெளிய வச்சுப் பேச மாட்டாவளாம். வராட்டா இதோட விட்ரச் சொல்லுதாவ."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து மாமா, "அவியள வரச் சொல்லும்யா. புதுசாவா சொல்லுதோம்" என்றார். பியூன் நகரவில்லை. வழக்கமாக உள்ளேயும் வெளியேயும் நடக்கிறவர் அன்றைக்கு அசையாமல் நின்றதிலேயே, வெளியே யாரும் வரப்போவதில்லை என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் செருப்பைக் கழற்றினார். ஆபீசுக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே வந்து மரத்தடிக்கு வந்தார். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். அவர் எப்போதும் சொல்கிற மாதிரியே, ஒன்று விடாமல் சொன்னார்.

"மாரியப்பன் அவிய சொல்லித்தான் வேலைக்குப் போனான்னு எழுதிக் குடுத்துட்டாவ. திருட்டுன்னு எழுதுனத மாத்திருவாவ. பதிலுக்கு நம்ம மதுரை கேஸ வாபஸ் வாங்கணும்னாவ. கையெழுத்துப் போட்டுட்டேன்."

பேச்சிமுத்து மாமா கேட்டார், "யாரக் கேட்டுப் போட்டீரு?"

"யாரையும் கேக்கல."

"வெளிய வந்து கேட்டுட்டுப் போட்டா என்ன?"

"கேட்டா நீங்க விட்டுருக்க மாட்டிய. விடாம இருக்கதுதான் நியாயம். அந்தப் பிள்ளை என்னையே பாத்துக்கிட்டு நின்னுது மாமா, என்னால முடியல."

மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நாங்கள் விலக்கினோம். விலக்கினவர்களும் ஏசிக்கொண்டேதான் விலக்கினோம். எல்லாம் ஓய்ந்த பிறகு அவர், "ஒண்ணே ஒண்ணு. செல்விக்கு இது தெரிய வேண்டாம்" என்றார். அத்தனை வருஷத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் சொன்னது அது ஒன்றுதான்.

எழுத்து வந்தது. செல்வி அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டினாள், தீப்பெட்டி ஆபீசில் காட்டினாள். தெருவில் நாலு வீட்டில் படித்துக் காட்டினாள் என்று கேள்விப்பட்டோம். சங்கம் போன விதத்தைச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு நானும் அவரும் இன்னொருவரும். கொடிக்கம்பத்தை யாரோ பிடுங்கி மாட்டுக்கொட்டகைக்கு ஊன்றிவிட்டார்கள்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, எங்களைப் போலவே கேஸ் போட்டிருந்த வேறு பக்கத்து ஆட்களுக்கு நிரந்தரம் கிடைத்தது. அவர்கள் வாபஸ் வாங்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை டீக்கடையில் படித்துச் சொன்னபோது பேச்சிமுத்து மாமா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் கேலி பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் தலைவர் எங்கே போனாலும் அந்தக் கையெழுத்து பின்னாலேயே வந்தது. மார்க்கெட் ரோட்டில் ஒருத்தன், "அண்ணாச்சி, உள்ள என்ன கலரு குடுத்தாவ? ஆரஞ்சா, திராட்சையா?" என்று கேட்டான். நான் கூட இருந்தேன். அவர் நின்று அவனிடம் திரும்பி, "தண்ணி குடுத்தாவ தம்பி. எறங்கல" என்றார். அவன் அதற்கும் சிரித்தான்.

நான் அப்புறம் விளாத்திகுளம் பக்கம் சோலார் கம்பெனியில் தகடு கழுவுகிற வேலைக்குப் போய்விட்டேன். மிளகாய் விளைந்த கரிசல் முழுக்க இப்போது கண்ணாடித் தகடுதான். அதுவும் கான்ட்ராக்ட்தான். லீவு நாளில் அவரைப் பார்க்கப் போவேன். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். ஒருமுறை தானாகச் சொன்னார்.

"அந்தப் பழைய தலைவரு வித்துட்டாருன்னே நீங்கள்லாம் நெனைச்சிய. நானும் உள்ளுக்குள்ள அப்படித்தாம்ல நெனைச்சேன். அந்தாளுகிட்ட உள்ள என்னத்தக் காட்டுனாவளோ. இப்ப கேக்க ஆளு இல்ல."

பிறகு, "நாம சேந்து நின்னது ஒண்ணுக்கும் ஆகலல்லா. தனியாப் போனதுக்குத்தான் ஒரு எழுத்துக் கெடைச்சுது. அத நெனைச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். நேரம் ஆகவில்லை.

போன ஐப்பசியில் அவர் இறந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் வந்தார்கள். வராமல் இருக்க முடியவில்லை, வீட்டுக்குள் போகவும் முடியவில்லை. எல்லாரும் தெருவிலேயே நின்றோம். கழுகுமலையிலிருந்து செல்வி மகளோடு வந்தாள். மகள் அம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். செல்வி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்ததற்கு எங்கள் முன்னால் அழாதவள்.

"எங்களுக்கு மானத்தக் குடுத்தவரே. ஒரு பைசா கேக்காம, ஒரு வாய்த் தண்ணி குடிக்காம, எங்களத் தலை நிமிர வச்சவரே."

என் பக்கத்தில் நின்ற பேச்சிமுத்து மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாகத்தான் சொன்னார். "அவரா குடுத்தாரு? எங்களதத் தூக்கில்லா குடுத்தாரு."

செல்வி அழுகையை நிறுத்தினாள். "என்ன மாமா சொல்லுதிய?"

"ஒண்ணுமில்ல. நீ அழு."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, என்ன சொல்லுதாவ இவிய?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் நின்ற ஒருத்தர் கோபமில்லாமல், அவளுக்குப் புரிய வேண்டுமே என்பது போலப் பொறுமையாகச் சொன்னார். மதுரை கேஸ், வாபஸ், வேறு பக்கத்துக்காரர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு, எல்லாம். அவள் அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிந்துகொண்டு கேட்டாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கால் வளைந்த பேச்சிமுத்து மாமாவை, என்னை, மற்றவர்களை. "எனக்கு யாருமே சொல்லலியே" என்றாள். மகளின் கையைப் பிடித்து வாசலை விட்டுத் தள்ளி நிறுத்திக்கொண்டாள். தூக்குகிறவரைக்கும் அங்கேயேதான் நின்றாள். அழவே இல்லை.

போன மாதம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் பை, பக்கத்தில் மகள். கழுகுமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் படியில் கால் வைக்கப் போனவள், முன் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மகள் என்னவோ கேட்க, அவளையும் இழுத்துக்கொண்டு கடைகளுக்குப் பின்னால் வேகமாக நடந்தாள். நாங்கள் தேடி வந்து பிடித்துவிடுவோம் என்பது போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.